விஞ்ஞானக் கணிப்பைக் கற்பதற்குரிய சாதனங்கள்

இயற்கை நிகழ்ச்சி ஒன்றைச் சமன்பாடாக எழுதிவிடுவது வேறு, அச்சமன்பாட்டிலிருந்து விடையைப் பெறுவது வேறு என்பதைக் கணிதம் பயின்றோர் யாவரும் விரைவிலேயே உணர்வர். ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று வான்கோளங்களின் இயக்கத்தையும், விமானத்தின் இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்றின் போக்கையும், பெரும் பாலம் ஒன்றின் உறுப்புகளில் பாரத்தால் விளையும் தகைவையும் சில வரிகளில் சமன்பாடாக்கிவிடலாம். ஆயினும் பள்ளியிலும் கல்லூரியிலும் பழகிய சூத்திரங்களைக் கொண்டு அவற்றைத் தீர்க்க முற்பட்டால், மிக எளிய சில நிலைமைகளைத் தவிர மற்றெங்கும் வழி அடைபட்டு நிற்கும். அங்ஙனம் அடைபட்ட இடத்தில், சூத்திர வடிவான விடையைத் தேடுவதை விடுத்து, உண்மைக்கு வேண்டிய அளவு நெருங்கிய எண்களை விடையாகப் பெறும் உபாயங்களை வகுப்பதே எண்ணியல் முறைகள் எனப்படும் சாஸ்திரம். அவ்வுபாயங்களைக் கணிப்பொறியில் நிரலாக அமைத்து, பௌதிகம், ரசாயனம், பொறியியல் முதலிய துறைகளின் வினாக்களுக்குப் பிரயோகிப்பது விஞ்ஞானக் கணிப்பு.

இத்துறையைக் கற்கப் புகும் மாணாக்கனுக்கு இக்காலத்தில் சாதனங்களுக்குக் குறைவில்லை. நூறாண்டு கண்ட கிரந்தங்களும், மீண்டும் மீண்டும் புதுப்பதிப்புக் காணும் பாடநூல்களும், இலவசமாகக் கிடைக்கும் நிரல் தொகுதிகளும், புகழ்பெற்ற பேராசிரியர்களின் விரிவுரைப் படங்களும் அவன்முன் குவிந்து கிடக்கின்றன. இவற்றுள் எதை, எப்போது, எதன் பொருட்டுக் கற்பது என்று தெரிவிக்கும் அளவுகோல்தான் கிடைப்பதரிது. எத்தனை முறைகளைக் கற்பிக்கிறது என்பதைக் கொண்டு ஒரு நூலை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கிடைத்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஆராயும் விவேகத்தை எவ்வளவு கற்பிக்கிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அத்துணிபைக் கைக்கொண்டு, இத்துறையின் கல்விச் சாதனங்களைக் காலமுறைப்படி ஆராய்வோம்.

மேசைப் பொறிக் காலத்து நூல்கள்

எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இ. டி. விட்டேக்கர் 1913-இல் கணித ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவி, பௌதிக மாணவர் கருவிகளுடன் பழகுவதைப் போலவே கணித மாணவரும் அட்டவணைகளுடனும் எண்களுடனும் கைப்படப் பழகுவதற்கு வழிசெய்தார். அங்கு நிகழ்ந்த பாடங்களிலிருந்து விளைந்ததே, அவரும் ஜி. ராபின்சனும் 1924-இல் வெளியிட்ட 'தி கால்குலஸ் ஆஃப் அப்சர்வேஷன்ஸ்' என்ற நூல். 1930-இல் ஸ்கார்பரோ எழுதிய நூலும், 1956-இல் ஹில்டிபிராண்ட் எழுதிய நூலும் அதே மரபில் வந்தவை. இம்மூன்றையும் இன்று புரட்டுவோர், அவற்றில் வேறுபாட்டு அட்டவணைகளும் இடைச்செருகல் சூத்திரங்களும் பெற்றிருக்கும் பேரிடத்தைக் கண்டு வியப்பர். ஆனால் அதற்குத் தக்க காரணம் இருந்தது. லாகரிதமோ சைனோ வேண்டியபோது அச்சிட்ட அட்டவணையைத் திறந்து, அதன் இரு வரிகளுக்கு இடையே விழும் மதிப்பைக் கணித்தறிய வேண்டியிருந்த காலம் அது. இடைச்செருகல் அக்காலத்தில் நாள்தோறும் கையாளப்பட்ட தொழில்.

அந்த அட்டவணை மரபின் சிகரமாக நிற்பது, அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய நிலையம் 1964-இல் வெளியிட்ட, ஆப்ரமோவிட்ஸும் ஸ்டெகனும் பதிப்பித்த கணிதச் சார்புகளின் கைந்நூல். 1938-இல் நியூயார்க்கில் வேலையற்றோருக்குப் பிழைப்பளிக்கும் அரசுத் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கி, எண்ணற்ற கூட்டல் கழித்தல்களைப் பலருக்குப் பகிர்ந்தளித்து அட்டவணைகளைத் தயாரித்த முயற்சியின் வழித்தோன்றல் அது. கணிப்பொறி வந்து அட்டவணைகளின் தேவை குன்றிய பின்னரும் அதிலுள்ள சூத்திரங்களுக்காக அந்நூல் விடாது பயன்பட்டு வந்தது. 2010-இல் அதன் ஸ்தானத்திற்கு உரியதாக மின்வடிவ நூலகம் ஒன்றும் எழுந்தது.

மேசைப் பொறிக் காலத்து நூல்களின் சிறப்பு, அவை கற்பித்த சூத்திரங்களைக் காட்டிலும் அவை வளர்த்த பழக்கத்தில் இருக்கிறது. மேசைப் பொறியின் கைப்பிடியைச் சுழற்றிக் கணக்கிட்டவனுடைய கண் ஒவ்வோர் எண்ணின் மீதும் படிந்தது. வேறுபாட்டு அட்டவணையில் ஓரிலக்கம் பிறழ்ந்தால் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் அப்பிறழ்வு பெருகித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. பிழையைக் கண்டறியும் உபாயம் முறையினுள்ளேயே பொதிந்திருந்தது என்று சொல்லலாம். கணிப்பொறி வந்து ஒரு நொடியில் பல்லாயிரம் பெருக்கல்களைச் செய்து, இறுதி விடையை மாத்திரம் அச்சிட்டுத் தந்தபோது, இந்தக் கண்காணிப்பு மறைந்தது. அதன் ஸ்தானத்தில் வேறொரு காவல் தேவையாயிற்று.

பிழையின் சாஸ்திரம்

அத்தேவையை உணர்ந்தவர்கள் முதலில் அடைந்தது அச்சமே. ஒரு தொகுதியில் சமன்பாடு ஒன்று கூடுந்தோறும், கணக்கிடையே இலக்கங்களைக் குறுக்கி முழுமையாக்குவதால் நேரும் பிழை நான்கு மடங்கு பெருகக்கூடும் என்று ஹோட்டலிங் 1943-இல் கணித்தார். அது மெய்யாயின், நூறு சமன்பாடுகளை நீக்கல் முறையால் தீர்ப்பது நினைக்கவும் தகாத காரியம். 1947-இல் வான் நாய்மனும் கோல்ட்ஸ்டைனும், 1948-இல் ஆலன் டூரிங்கும் இப்பிரச்சினையை ஆழ்ந்து ஆராய்ந்து அவ்வச்சத்தைப் பெரிதும் தணித்தனர். ஆயினும் இதனை முழுமையான சாஸ்திரமாக்கிய பெருமை, இங்கிலாந்தில் டெடிங்டன் நகரத்துத் தேசியப் பௌதிக ஆய்வகத்தில் டூரிங்கிடம் உதவியாளராகச் சேர்ந்த ஜேம்ஸ் வில்கின்சனைச் சாரும். அவ்வாய்வகத்தில் டூரிங் உள்ளிட்ட நால்வர் 18 சமன்பாடுகள் கொண்ட தொகுதி ஒன்றை மேசைப் பொறிகளைக் கொண்டு பாடுபட்டுத் தீர்த்து, விடையை மீண்டும் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோது, அச்சம் பொய்யாகி, எஞ்சிய வேறுபாடு மிகச் சொற்பமாக இருந்தது. அது ஏன் அவ்வாறு அமைந்தது என்ற வினாவின் விடையே பின்னர் வில்கின்சனுடைய இரு நூல்களாக, 1963-இலும் 1965-இலும் வெளிவந்தது.

அவ்விடையின் சாரத்தை இங்கே கூறுதல் தகும். ஏனெனில் இத்துறையில் எழுந்த நன்னூல்கள் பலவும் அதையே அடிப்படையாகக் கொண்டவை. பொறி தந்த விடை, நாம் கேட்ட வினாவுக்குச் சரியானதா என்று வினவுவதற்கு முன், அது எந்த வினாவுக்கு மிகச் சரியான விடையாகும் என்று வினவ வேண்டும் என்றார் வில்கின்சன். நல்ல முறை தரும் விடை, கேட்ட வினாவுக்கு மிக மிக அண்மையிலுள்ள ஏதோ ஒரு வினாவின் மெய்யான விடையாக அமையும். அதற்கு மேல் முறையின் மீது குற்றம் சாட்ட நியாயமில்லை. அண்மையிலுள்ள இரு வினாக்களின் விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருக்குமாயின், குற்றம் வினாவின் இயல்பில் உள்ளது. முறையின் ஸ்திரத்தன்மை ஒன்று, வினாவின் அசைவுத்தன்மை மற்றொன்று என்று இரண்டையும் பிரித்துக் காட்டியதே அவர் செய்த பேருபகாரம்.

வினாவின் அசைவுத்தன்மைக்கு அவர் காட்டிய உதாரணம் பிரசித்தமானது. 1 முதல் 20 வரையுள்ள முழு எண்களை மூலங்களாகக் கொண்ட இருபதாம் படிப் பல்லுறுப்புக் கோவையை விரித்தெழுதினால், பத்தொன்பதாம் படியின் கெழு −210 ஆகும். அந்த ஒரு கெழுவிலிருந்து சுமார் 84 லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவே கழித்தால், இருபது மூலங்களுள் பத்து, மெய்யெண்களாக இருப்பதை விட்டுக் கலப்பெண்களாகிவிடுகின்றன. முறையின் குற்றத்திற்கோ பள்ளி மாணவனும் செய்து பார்க்கத்தக்க உதாரணம் ஒன்று போதும். x² − 1000x + 1 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டை, ஒவ்வொரு படியிலும் நான்கு இலக்கங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு, நாம் மனப்பாடம் செய்த சூத்திரத்தாலேயே தீர்த்தால், வர்க்கமூலத்தினுள் வரும் 9,99,996 என்ற எண் பத்து லட்சமாகக் குறுகி, சிறிய மூலம் பூஜ்யமாகவே வந்து முடிகிறது; மெய்யான மதிப்போ 0.001000001. பெரிய மூலத்தைச் சூத்திரத்தாலும், மூலங்களின் பெருக்குத்தொகை 1 என்ற உண்மையைக் கொண்டு சிறியதை வகுத்தலாலும் பெற்றால், அதே நான்கு இலக்கங்களைக் கொண்டே 0.001 என்ற நல்ல விடை கிட்டுகிறது. கணிதத்தில் சரியான சூத்திரம் கணிப்பில் தவறான சூத்திரமாக இருக்கக்கூடும் என்ற இந்த ஒரு பாடத்தைக் கற்பியாத நூலை, அது எத்துணைப் பெரியதாயினும், இத்துறையின் முதனூலாகக் கொள்ள இயலாது.

இப்பாடத்தை வில்கின்சனுடைய கடினமான நடையினின்று இறக்கி மாணவர்க்கு எட்டும்படி செய்தவர்கள் சிலர். பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹேமிங் 1962-இல் எழுதிய நூல், கணிப்பின் நோக்கம் எண்களைக் குவிப்பதன்று, பொருளை விளங்கிக்கொள்வதே என்னும் கொள்கையைத் தன் குறிக்கோளாகவே வைத்துக்கொண்டது. ஸ்டான்போர்டின் ஜார்ஜ் ஃபோர்சைத், கணித நூலைப் படித்துவிட்டு நேரே கணிப்பொறிக்குச் செல்வோர் விழும் குழிகளை 1970-இல் ஒரு கட்டுரையில் நிரல்படக் காட்டினார். 1991-இல் டேவிட் கோல்ட்பெர்க் எழுதிய நீண்ட கட்டுரையும் இவ்வரிசையில் சேரத்தக்கது. 1985-இல் வில்லியம் கஹானின் முயற்சியால் பெரிதும் உருப்பெற்ற மிதவைப் புள்ளி எண்களின் தர நிர்ணயம் என்ன சொல்கிறது, அது ஏன் அவ்வாறு சொல்கிறது என்பதைப் பொறுமையுடன் விளக்கும் அக்கட்டுரையைப் படித்தவன், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிய பொறி 0.30000000000000004 என்று விடை சொல்வதைக் கண்டு திகைக்கமாட்டான்.

நிரலே நூலாகிய காலம்

எழுபதுகளில் இத்துறையில் ஒரு புதுமை நிகழ்ந்தது: தேர்ந்த கணிதவல்லுநர் எழுதிய நிரல்களே கல்விச் சாதனங்களாயின. வில்கின்சனும் ரெய்ன்ஷும் 1971-இல் பதிப்பித்த கைந்நூலில், ஒவ்வொரு முறையின் கணித விளக்கத்தோடு, அல்கால் மொழியில் அமைந்த அதன் நிரலும், சோதித்த விடைகளும் ஒருங்கே இடம்பெற்றன. அதனை அடியொற்றி ஃபோர்ட்ரான் மொழியில் ஐஸ்பேக்கும், 1979-இல் லின்பேக்கும், 1992-இல் இரண்டையும் தன்னுள் அடக்கிய லாபேக்கும் ஆகிய நிரல் தொகுதிகள் தோன்றின. 1985 முதல் நெட்லிப் என்னும் மின்நூலகம் இவற்றைக் கேட்டவர்க்கெல்லாம் விலையின்றி அனுப்பலாயிற்று. ஐஸ்பேக், லின்பேக் ஆகிய இரு திட்டங்களிலும் பங்குகொண்ட கிளீவ் மோலர், நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதும் சிரமமின்றி அந்நிரல்களைக் கையாள வேண்டும் என்று கருதி இயற்றிய சிறு சாதனமே மேட்லாப். பின்னர் 1984-இல் அது வாணிகப் பொருளாகி உலகெங்கும் பரவியது. வகுப்பறையின் தேவையிலிருந்து பிறந்த கருவி என்பதனாலேயே அது கற்போருக்கு அத்துணை இணங்கியதாக அமைந்தது.

இதே காலத்தில், 1986-இல், பிரஸ், ஃபிளானரி, டியூகோல்ஸ்கி, வெட்டர்லிங் ஆகிய நால்வர் எழுதிய 'நியூமெரிக்கல் ரெசிபீஸ்' வெளிவந்தது. உற்சாகம் ததும்பும் நடையும், முறைக்கு ஒரு நிரல் என்ற அமைப்பும், வான்பௌதிகம் முதல் புள்ளியியல் வரை எதையும் விடாத பரப்பும் அந்நூலை விஞ்ஞானிகளின் மேசைதோறும் கொண்டு சேர்த்தன. சில பகுதிகளில் வழக்கொழிந்த முறைகளையே பரிந்துரைக்கிறது என்ற கண்டனமும், நிரல்களைத் தாராளமாகப் பிறர்க்கு வழங்க இடந்தராத உரிம நிபந்தனைகளின் மீதான மனக்குறையும் அதனைத் தொடர்ந்தே வந்தன. என் அபிப்பிராயத்தில், அறிமுகத்திற்கு அந்நூலின் விளக்கவுரை இன்றும் உகந்தது; ஆனால் அதன் நிரல்களை எடுத்துப் பயன்படுத்துவதை விட, பல்லாண்டு சோதனைக்கு உட்பட்ட பொது நூலக நிரல்களை நாடுவதே அறிவுடைமை.

ஆழ்ந்து கற்க விரும்புவோருக்கு இக்காலம் வேறு மூன்று நூல்களைத் தந்தது. 1983-இல் கோலபும் வான் லோனும் எழுதிய 'மேட்ரிக்ஸ் கம்ப்யூட்டேஷன்ஸ்', தேடியதை எடுத்துப் பார்க்கும் கலைக்களஞ்சியம். 1996-இல் நிக்கோலஸ் ஹைம் எழுதியது, பிழை ஆராய்ச்சி முழுவதையும் ஒரே கட்டடத்தில் அடக்கிய பெருநூல். 1997-இல் டிரெஃபெதனும் பாவும் எழுதியதோ, 40 சிறு விரிவுரைகளாகப் பகுக்கப்பெற்று, ஒருவன் துணையின்றித் தானே உட்கார்ந்து கற்பதற்கு இவை யாவற்றினும் ஏற்றது.

பிழை என்பது எது

பிழையைக் கற்பிப்பதே அளவுகோல் என்று கூறும்போது ஓர் ஆட்சேபத்திற்குச் சமாதானம் சொல்லியாக வேண்டும். எண்ணியல் பகுப்பாய்வு என்றால் முழுமையாக்கற் பிழைகளின் ஆராய்ச்சி என்ற எண்ணம் பரவியிருப்பதே இத்துறைக்கு நேர்ந்த தீங்கு என்றும், தொடர்ச்சியான கணிதத்தின் வினாக்களுக்கு விரைந்த வழிமுறைகளைக் கண்டுபிடிப்பதே அதன் உயிர்நாடி என்றும் டிரெஃபெதன் 1992-இல் வாதிட்டார். நியாயமான வாதம் அது. கடைசி இலக்கங்களின் பிறழ்ச்சியையே சதா சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியர், இத்துறையின் அழகை மாணவனுக்கு மறைத்துவிடுகிறார். ஆனால் பிழை என்பது முழுமையாக்கலோடு முடிந்துவிடுவதில்லை. எல்லையற்ற தொடரை இடையில் வெட்டுவதாலும், தொடர்ச்சியான பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பதாலும், இயற்கையைச் சமன்பாடாக்கும்போது சிலவற்றை விட்டுவிடுவதாலும் நேர்வன யாவும் பிழைகளே.

1991-ஆம் ஆண்டின் இரு துயரங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். பிப்ரவரி 25-இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில், ஏவுகணைகளை இடைமறிக்கும் பேட்ரியட் சாதனம், நொடியின் பத்தில் ஒரு பங்கை 24 இருமஇலக்கங்களுக்குள் குறுக்கி எண்ணி வந்தமையால், ஏறத்தாழ 100 மணி நேரத்தில் அதன் கடிகாரம் 0.34 நொடி பிறழ்ந்து, வந்த ஏவுகணையைத் தவறவிட, 28 அமெரிக்கப் போர்வீரர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 23-இல் நார்வே நாட்டில், ஸ்லைப்னர் என்னும் கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே மூழ்கியது. கட்டங்களாகப் பிரித்துத் தகைவுகளைக் கணித்தபோது, முக்கியமான சுவர்களில் அவை 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தன. முன்னதில் இலக்கங்கள் குறுகின. பின்னதில் கட்டங்கள் பருத்திருந்தன. இரண்டையும் கற்பிக்கும் நூலே முழுமையான நூல்.

நம் நாட்டில் இக்கல்வி

இந்தியாவில் இக்கல்விக்கு அடிகோலியவை ஒரு சில பொறிகள். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே கட்டமைத்த டிஃப்ராக் 1960-இல் இயங்கத் தொடங்கியது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-இல் வந்த ஐ.பி.எம். 1620, மாணவர்கள் தாமே நிரல் எழுதி இயக்கும் வாய்ப்பை அளித்தது. அக்கழகத்தில் ஆசிரியராயிருந்த வி. ராஜாராமன் எழுபதுகளில் வெளியிட்ட எண்ணியல் முறை நூல், கணிப்பொறியை மனத்திற்கொண்டு இங்கு எழுதப்பட்ட முதல் பாடநூல்களுள் ஒன்று. மிதவைப் புள்ளிக் கணிதத்தையும் அதன் பிழைகளையும் முன்னே வைத்த அதன் ஒழுங்கு இன்றும் போற்றத்தக்கது. எஸ். எஸ். சாஸ்திரியின் நூலும், ஜெயின், ஐயங்கார், ஜெயின் மூவரின் நூலும் அதன்பின் கல்லூரிகளில் பரவின. டாட்டா நிலையத்தின் எச். எம். அந்தியா 1991-இல் எழுதிய பெருநூலோ, ஆராய்ச்சியாளன் தன் கணக்கில் உண்மையாக எதிர்ப்படும் இடர்களைச் சோதனை எண்களோடு எடுத்துரைப்பதில் உலகத்து நல்ல நூல்களோடு ஒப்பிடத்தக்கதாயிருந்தும், பாடத்திட்டத்தில் அடங்காத காரணத்தால் நம் மாணவர்களின் கைக்கு அதிகம் எட்டவில்லை.

பாடத்திட்டமே இங்கு முக்கியமான பிரச்சினை. தமிழ்நாட்டில் தமிழ்வழி பயிலும் மாணவன் பன்னிரண்டாம் வகுப்பின் வணிகக் கணிதத்தில் 'எண்ணியல் முறைகள்' என்ற பாடத்தை முதன்முதலாகச் சந்திக்கிறான்; அங்கே கிரிகோரி–நியூட்டன் சூத்திரமும் லாக்ராஞ்ச் சூத்திரமும் அவனை வரவேற்கின்றன. பொறியியற் கல்லூரிகளில் அவற்றோடு சிம்ப்சன் விதிகளும், ரங்கே–குட்டா முறையும், மில்னேயின் முன்கணித்துத் திருத்தும் முறையும் சேர்கின்றன. இவை அனைத்தும் நல்ல முறைகளே. ஆயினும் மேசைப் பொறியின் ஒழுங்கில் கற்பிக்கப்பட்டு, பரீட்சையில் கைக்கணிப்பானால் நான்கு இலக்கங்களுக்குக் கணக்கிடப்பட்டு, அவ்வளவில் முடிந்துவிடுகின்றன. மேசைப் பொறிக்காரனுக்கு இருந்த சரிபார்க்கும் பழக்கமும் இதில் இல்லை, கணிப்பொறிக்காரனுக்கு வேண்டிய பிழையறிவும் இல்லை. மில்னேயின் முறையையே உதாரணமாகக் கொள்வோம்: காலப்போக்கில் தேய்ந்து குறையும் விடைகளைக் கணிக்கையில் அம்முறையில் ஒரு போலி விடை புகுந்து, படிதோறும் குறி மாறிப் பெருகி, உண்மை விடையை மூடிவிடும். இக்குற்றத்தை நீக்கிய திருத்தத்தை ஹேமிங் 1959-லேயே வெளியிட்டுவிட்டார். முறையைப் பத்து மதிப்பெண்ணுக்குச் செய்துகாட்டும் மாணவன் இச்செய்தியைக் கேள்வியுறாமலே பட்டம் பெறுகிறான்.

முறையை மாத்திரம் கற்பதால் விளைவது யாது என்பதற்குத் தமிழ் நாட்டுச் சரித்திரத்திலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. சென்னையில் 1825-இல் வெளியான 'கால சங்கலித' என்ற ஆங்கில நூலை இயற்றிய ஜான் வாரன், புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நினைவில் வைத்திருந்த அட்டவணை வாய்பாடுகளைக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். எழுத்தில் எதுவும் குறிக்காமல், கொள்கை எதையும் துணைக்கு அழையாமல் நடந்த அக்கணிப்பை, ஆட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் 1952-இல் மீண்டும் ஆராய்ந்தார்; அந்த 1825-ஆம் ஆண்டுக் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை நேர்ந்திருந்தது. பாபிலோனியக் காலத்து மரபின் சாயலை உடைய ஒரு முறை, நினைவாற்றல் ஒன்றையே ஏடாகக் கொண்டு இத்துணை நெருங்கியது வியந்து போற்றற்குரியது. ஆனால் அம்மூன்று எண்களுள் எதை அதிகம் நம்பலாம், எதைக் குறைவாக நம்பலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி அம்முறைக்குள் இல்லை. நம் கல்லூரி மாணவனுக்குக் கணிப்பானும் அச்சிட்ட சூத்திரமும் வாய்த்திருந்தும், இவ்வொரு விஷயத்தில் அவன் நிலை அக்கணிதரின் நிலையைக் கடந்து மேலே சென்றுவிடவில்லை.

இன்றைய திறந்த சாதனங்கள்

2001-இல் தோன்றிய சைபையும் 2006-இல் உருப்பெற்ற நம்பையும் ஆகிய நிரல் தொகுதிகள் பைத்தான் மொழியை விஞ்ஞானக் கணிப்பின் பொதுமொழியாக்கின; மேட்லாபின் நடையிலேயே இயங்கும் ஆக்டேவும், பிரான்சில் பிறந்த சைலாபும், 2012-இல் வெளிவந்த ஜூலியாவும் விலையின்றிக் கிடைக்கின்றன. விளக்கமும் சூத்திரமும் நிரலும் வரைபடமும் ஒரே ஏட்டில் அமையும் ஜூபிட்டர் குறிப்பேடு, விட்டேக்கரின் ஆய்வுக்கூடத்தை ஒவ்வொரு மாணவனின் மேசைக்கும் கொண்டு வந்துவிட்டது. பைத்தானில் ஒரே வரியில் தீர்க்கப்படும் சமன்பாட்டுத் தொகுதியின் அடியில் உழைப்பது லாபேக்தான் என்பதை அறிந்த மாணவன், வில்கின்சனுடைய ஆராய்ச்சி தன் விரல் நுனி வரை வந்திருப்பதை உணர்வான். அறியாதவனுக்கு அவ்வொரு வரி மந்திரமாகவே நின்றுவிடும்.

விரிவுரைப் படங்களில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய பாடங்கள் தெளிவுக்குப் பெயர் பெற்றவை. நம் நாட்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். திட்டத்தில் இத்துறைப் பாடங்கள் பல உள. பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் சைலாபையும் பைத்தானையும் சிறு சிறு படங்களாகப் பயிற்றி, தமிழ் ஒலியிலும் வழங்கி வருவது நம்மவர்க்குப் பேருதவி. எனினும் படத்தைப் பார்த்தல் கற்றலாகாது. விரிவுரையாளரின் கையில் ஒவ்வொரு கணக்கும் இணங்கி நடக்கும், மாணவன் கையிலோ முதல் முயற்சியிலேயே விடை பிறழும், அப்பிறழ்வைத் தேடிக் காண்பதில்தான் கல்வி தொடங்குகிறது. மேலும், தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் கருவியை இயக்கும் விதத்தைக் கற்பிக்கின்றனவேயன்றி, கருவி தந்த விடையைச் சோதிக்கும் விதத்தைக் கற்பிப்பவை அரிது.

கற்கும் ஒழுங்கு

இதுகாறும் ஆராய்ந்தவற்றிலிருந்து ஓர் ஒழுங்கைப் பரிந்துரைக்கலாம். முதலில், நூறு முறைகளை நாடாமல், மூலம் காணல், சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு முறையைத் தானே நிரலாக எழுதி, விடை முன்பே தெரிந்த கணக்குகளில் சோதித்துப் பார்க்க வேண்டும். படியின் நீளத்தைப் பாதியாக்கும்போது பிழை எத்தனை பங்காகக் குறைகிறது என்று அளந்து, நூல் சொல்வதோடு ஒப்பிடும் ஒரு பயிற்சியே பல அதிகாரங்களுக்குச் சமம். இக்கட்டத்திற்கு ராஜாராமன் நூலோ, மேட்லாபை இயற்றிய மோலரின் பாடநூலோ போதும். அடுத்து, கோல்ட்பெர்க்கின் கட்டுரையைப் படித்து, பொறியின் எண் எத்தகையது என்று தெளிய வேண்டும். மூன்றாவதாக டிரெஃபெதனும் பாவும் எழுதிய நூலை முறையாகப் பயின்று, அதன்பின் சொந்த நிரல்களை ஒதுக்கிவிட்டு நூலக நிரல்களைக் கைக்கொள்ளலாம். தானே எழுதிப் பார்த்தவனே பிறர் எழுதியதன் அருமையை அறிவான்; எழுதிப் பார்த்த பின்னும் தன்னுடையதையே பயன்படுத்துவது வீண் பிடிவாதம்.

பயிற்சிக்கு ஒரு தொகுதியைச் சிறப்பாகக் குறிப்பிடுதல் வேண்டும். 2002-இல் டிரெஃபெதன் பத்து வினாக்களை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்கங்கள் சரியாக விடை காணுமாறு அறைகூவினார். 25 நாடுகளிலிருந்து 94 குழுக்கள் முயன்று, 20 குழுக்கள் முழு வெற்றி பெற்றன. அவ்வினாக்களின் தீர்வுகளை நால்வர் 2004-இல் ஒரு நூலாக்கினர். 10-க்கு 1 என்ற செவ்வகத்தின் மையத்திலிருந்து ஒழுங்கின்றி அலையும் துகள், நீண்ட பக்கங்களைத் தொடாமல் குறுகிய பக்கத்தை முதலில் தொடும் நிகழ்தகவு யாது என்பது அவற்றுள் ஒன்று. விடை ஒரு கோடிக்கு நான்குக்கும் குறைவு. துகளைப் பொறியில் அலையவிட்டு எண்ணிப் பார்ப்போன் பல கோடி முறை அலையவிட்டும் ஓரிரு இலக்கங்களுக்கு மேல் பெறான். கேள்வியைச் சற்றே சிந்தித்து வேறுவிதமாக அமைத்துக்கொண்டவனுக்குப் பத்து இலக்கங்களும் நொடியில் கிட்டும். அதனினும் முக்கியமானது, பத்தாவது இலக்கம் சரியென்று தனக்குத் தானே நிரூபித்துக்கொள்ளும் கட்டாயம் இவ்வினாக்களில் இருப்பது. வினாவின் ஒருபாதி விடை காணல், மறுபாதி அவ்விடைக்குச் சான்று தேடல்.

தமிழில் இத்துறைக்கு இன்று வேண்டுவது யாது என்பதும் இதனால் விளங்கும். பல முறைகளைத் தொகுத்த மற்றொரு மொழிபெயர்ப்பு நமக்கு வேண்டுவதில்லை. அத்தகையவற்றின் சாரத்தைப் பள்ளிப் பாடநூலே தந்துவிடுகிறது. இருநூறு பக்கங்களுக்கு மேற்படாமல், மிதவைப் புள்ளி எண்ணில் தொடங்கி, நான்கைந்து முறைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அவை எங்கே வெல்லும், எங்கே தோற்கும், தோற்றதை எவ்வாறு அறியலாம் என்று இயங்கும் நிரல்களோடு விளக்கும் சிறுநூல் ஒன்று தமிழில் எழுதப்பெற வேண்டும். அதனோடு, பரீட்சை வினாத்தாளில் ஒவ்வொரு கணக்கின் கீழும் 'இவ்விடையில் எத்தனை இலக்கங்களை நம்பலாம், ஏன்?' என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் பணச்செலவும் புதிய பொறிகளும் வேண்டுவதில்லை. பாடத்திட்டக் குழுவினர் மனம் வைத்தால் போதும். அந்த ஒரு வரி வினாத்தாளில் ஏறிவிட்டால், அதற்கு விடை சொல்லும் நூல்களைப் பதிப்பாளர்கள் தாமே தேடி அச்சிடுவர்.